கொருக்குப்பேட்டை கேட்

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதை
உன்னிடம் போனில் சொல்லவேயில்லை.
சிக்னல் கிடைக்கிற நாலு நிமிடத்தில்
கெசியாவின் காய்ச்சல், சீட்டுப் பணம், ஒழுகுகிற கூரை
எல்லாம் போக
உன் மூச்சிரைப்புக்குத்தான் இடமிருந்தது.

அதனால் இன்று சாவி என் கையில்,
நீ பின்சீட்டில்.
எம்.சி. ரோட்டில் உனக்குச் செருப்பு வாங்கப் போகிறோம்,
கடைக்காரன் முன்னால் சாக்ஸைக் கழற்றமாட்டேன்
என்ற உன் நிபந்தனையோடு.
பதினாறு மாதம் கழித்து வந்தவன்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாய்,
வழியில் லிஃப்ட் கேட்டு ஏறியவன்போல.

வந்து இருபத்திரண்டு நாள்.
முதல் நாள் சென்ட்ரலில் ஊரே பார்க்க அழுதோம்.
இரண்டாம் நாள் வஞ்சிரம். மூன்றாம் நாள் நண்டு.
நாலாம் நாள் தண்ணி லாரி வந்தது.
குடங்களை அணிவகுப்பாய் நிறுத்தி
நாகபூஷணம் அக்காவை
"பின்னாடி போம்மா" என்று அதட்டினாய்.
போன மழையில், இடுப்பளவுத் தண்ணீரில்
கெசியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள்.
உனக்குத் தெரியாது.
தெரியாதது உன் குற்றமில்லை,
ஆனாலும் அன்று முழுக்க
உன்னோடு நான் பேசவில்லை.

கட்டிலில் குறுக்காகப் படுத்துப் பழகிவிட்டேன்.
நீ ஓரத்தில், விறைப்பாக,
கூப்பிட்டால் குதித்து எழ வசதியாக.
என் பாதம் பட்டால்
உன் பாதத்தை இழுத்துக்கொள்கிறாய்.
இடது காலில் இரண்டு விரல் இல்லை.
"ஐஸ் தின்னுடுச்சுடா" என்று
பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய்.
அன்றிலிருந்து அவள் ஃப்ரிட்ஜைத் திறப்பதில்லை.
என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டை உன் பையிலிருந்து எடுத்துப் படித்து
மடிப்பு மாறாமல் வைத்துவிட்டேன்.

போன வாரம் மூன்றாவது பிளாக்கில் சாவு.
மேளத்துக்கு நீ அசையவில்லை.
சரவெடி கொளுத்தினபோது
சமையலறைச் சுவரோடு சுவராய் ஒட்டி
பிள்ளையை மார்புக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாய்.
அவளுக்கு மூச்சு முட்டியது.
உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
பிரித்தவளை நீ பார்த்த பார்வையில்
என்னைத் தெரிந்த தடயம் இல்லை, எபி.
கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.
அப்புறம் பாத்ரூமுக்குள் போய்
சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய்.
பகலில் நம் குழாயில் தண்ணீர் வராது.
அதை நீ மறந்துவிட்டாய்.

கேட் போட்டுட்டாங்க.
முன்னால் ஒரு மீன்பாடி வண்டி,
கோணியிலிருந்து ஐஸ் கரைந்து சொட்டுகிறது.
நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது
சைடு கண்ணாடியில் தெரிகிறது.
உன்னை உனக்குத் தெரியாமல் பார்க்க
எனக்கு வாய்த்தது இந்த வட்டம்தான்.

கூட்ஸ் வருகிறது. கரி.
கெசியா இருந்தால் எண்ணுவாள்.
அவள் ஸ்கூலில்; நான் எண்ணுகிறேன்,
சும்மா, உதட்டுக்குள்.
பன்னிரண்டு முடிந்ததும்
முதுகுக்குப் பின்னால்
"பதிமூணு."

கம்பியை விட்ட கை
என் தோளில் இருக்கிறது.
பெட்டிக்கு ஒரு தட்டு, ஒரே விரலால்.
ஜாக்கெட் துணிக்கு மேலே
ஏதோ தட்டச்சுபோல, நிதானமாக.

"ஐம்பத்தொம்போது."
"ஐம்பத்தெட்டு. கடைசி கார்டு வண்டி, அதை எண்ணக்கூடாது."
"ஏன்?"
"சரக்கு இல்ல. ஆளு."
"ஆளு இருந்தா எண்ணமாட்டியா?"

பதில் இல்லை என்னிடம்.
கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் எல்லாரும் ஆரன் அடிக்கிறார்கள்,
மீன்பாடிக்காரன் எப்போதோ போய்விட்டான்.
லீவு இன்னும் முப்பத்தெட்டு நாள்.
வண்டி குலுங்கினால்
கை திரும்பக் கம்பிக்குப் போய்விடும்.
தண்டவாளத்தின் மேல்
மெதுவாகத்தான் ஏற்றுகிறேன்.